பாடி வரதன் லேத்தின் பேரறிந்த படலம்

முப்புரம் எரித்தவனைப் பாடினோர் பலர். முப்பத்தேழு பல்லை எண்ணியவனைப் பாடினோர் எவருமிலர். ஆதலின், பாடியம்பதிப் பட்டறை வேந்தன், எண்ணெய்க்கறை என்றும் நீங்கா இருகரத்தோன், வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப்பட்டை அடித்தே வயிறு வளர்த்த வரதன் வாழ்க! இரும்பு கடைய அவன் வாங்கிய பழைய லேத்து வாழ்க! அந்த லேத்துக்குக் கொட்டகையைக் கொடுத்துவிட்டு மழையில் நின்ற எருமையும் வாழ்க!

பரங்கியர் கோலோச்சிய காலத்தில், ஓர் ஆடித் திங்களில், பூந்தமல்லியில் இழுத்து மூடிய பட்டறை ஒன்றிலிருந்து, வழியில் வண்டியின் அச்சு இருமுறை முறிய, அவ்விரும்புக் குன்றை வரதன் கொணர்ந்தனன். குறை ஒன்றே: அதில் ஒரு பல்சக்கரம் காணோம். மவுண்ட் ரோட்டில் இயந்திரம் விற்கும் கம்பெனியாரோ, "செய்தவர் பெயரும் நம்பரும் தெரிந்தாலன்றிச் சக்கரம் தருவிக்க இயலாது" எனத் திருமுகம் விடுத்தனர்.

அப்போது, சாணக்கூடையை இடுப்பில் ஏந்திய அவன் மனையாட்டி நாகவல்லி, தெருவே கேட்கச் சூளுரைத்தனள்:

"ஆயுத பூசைக்குள்ள இது ஓடணும். ஓடலன்னா இத்த வெளிய தள்ளிட்டு எருமைய உள்ள கட்டுவேன். ஈரத்துல நின்னு நின்னு பாலே வத்திப் பூடுச்சி!"

மண்டை காய்ந்தது மாவீரனுக்கு. கயிறு பிடித்து அளந்தான். காணாத சக்கரத்தோடு சேரும் சக்கரத்தின் பற்களை மும்முறை எண்ணி, முப்பத்தேழு, முப்பத்தெட்டு, மறுபடி முப்பத்தேழு எனக் கண்டான். பொட்டுக்கடலை மடித்த தாளில் லேத்தின் திருவுருவைத் தீட்டிப் பெரம்பூர் ரயில் பட்டறை வாயிலுக்கு நடந்தான். ஒரு மேஸ்திரி அதை இங்கிலீஷ் லேத்து என்றார். இன்னொருவர் ஜெர்மன் என்றார். மூன்றாமவர் தாளைத் தலைகீழாகப் பிடித்து, கரும்பு ஆலை என்றார். மூவரும் ஒருமனதாகச் சொன்னது ஒன்றுண்டு:

"முன்னால பித்தளத் தகடு இருக்கும். அதுல பேரு போட்டிருப்பான், போய்ப் பாரு நைனா."

தகடு இருந்தது! ஆனால் நாற்பதாண்டு ஆயுத பூசைச் சந்தனமும் குங்குமமும் எண்ணெயோடு குழைந்து, அதன்மேல் அடைபோல் இறுகிக் கிடந்தன. சாமிக்கு இட்டதைச் சுரண்டுவதா! புலிக்கும் அஞ்சாதவன் சந்தனத்துக்கு அஞ்சினான். அதைத் தொடாமலே மறுபடி ஊர் ஊராய் விசாரிக்கப் போனான். இரண்டு மாதம் இப்படியே கழிந்தது.

வந்தது ஆயுத பூசை நன்னாள். புளிக்கரைசலும் தேங்காய் நாருமாய்ப் புறப்பட்டாள் நாகவல்லி. "ஐயோ, சாமி குத்தம்!" என்று வரதன் குறுக்கே பாய்ந்தான்.

"தேய்ச்சுக் கழுவாம எந்த ஊர்ல பூசை போட்றாங்க? நவுரு!"

நகர்ந்தான். நார் சுழன்றது, புளி பொங்கியது, நாற்பதாண்டுப் பூசைகள் ஒவ்வொன்றாய் உரிந்து வழிந்தன. பொன்னென மின்னிய தகட்டில் இங்கிலீஷ் எழுத்துகள் அணிவகுத்து நின்றன! வரதனின் நெஞ்சு விம்மிற்று. ஒரே ஓட்டமாய் அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு ஓடி, ஆங்கில வாரிதியைக் கரைகண்ட டிக்கெட் குமாஸ்தா நாகேந்திரனைக் கையோடு இழுத்து வந்தான். அவர் கண்ணாடியைத் துடைத்தார், குனிந்தார், படித்தார், இன்னொரு தரமும் படித்தார்.

"வாரத்துக்கு ஒரு தபா தொடைக்கணும்னு போட்டுக்கீது."

"அப்பால? பேரு? நம்பரு?"

"அவ்ளோதான் அண்ணாத்தே."

சாயங்காலம் எருமையைக் கொட்டகைக்குள் கட்டினார்கள்.