ஆறு பாகத்தையும் படித்த கீரி

ஒரு காட்டில் சிங்கம் ஒன்று அரசாண்டு வந்தது என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை. என்ன செய்வது, நான் சொல்லவரும் காட்டை ஆண்டது ஒரு வாசகர் வட்டம். சிங்கம் அதில் சாதாரண உறுப்பினர். கூட்டத்துக்கு வரும், முன்வரிசையில் படுத்துத் தூங்கும், கைதட்டல் கேட்டால் எழுந்து போய்விடும்.

வட்டத்தின் தலைவர் யானை பெரியநாயகம். செயலாளர் நரி சிகாமணி. ஞாயிறுதோறும் மாலையில் குளக்கரை மருத மரத்தடியில் கூடுவார்கள். கூடிச் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான், பரிந்துரை. "வாழ்நாள்ல ஒரு தடவையாவது படிச்சே ஆகணும்" என்று ஒரு பிராணி சொல்லும். "படிக்காதவன் பொறந்ததே வீண்" என்று அடுத்தது சொல்லும். பிறகு நூலை ஒரு டீ கிளாஸ் பக்கத்தில் சாய்த்துவைத்துப் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போடுவார்கள். டீயை யாராவது குடித்துவிடுவார்கள். நூல் அப்படியே இருக்கும்.

அந்தக் காட்டில் இரண்டே வகை நாவலுக்குத்தான் மவுசு. ஒன்று வரலாற்று நாவல். இன்னொன்று, குட்டியாக இருந்த ஒன்று அடிபட்டு மிதிபட்டுப் பெரிதாகும் வளரும் பருவத்து நாவல். இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழக்கம் இருந்தது. யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை. மான் பரிந்துரைக்கும் நாவலில் வளர்வது மான்குட்டியாக இருக்கும். குரங்கு பரிந்துரைக்கும் வரலாற்றில் கோட்டையைப் பிடித்தது குரங்குப் படையாக இருக்கும். தன் இனம் தலைகாட்டாத நாவலை ஒரு பிராணி புகழ்ந்தால், அதற்கு உடம்பு சரியில்லையோ என்று மற்றவை கவலைப்படும். அட, காட்டு மிருகங்கள்தானே என்று சிரிக்காதீர்கள். உங்கள் அலமாரியையும் நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வழக்கத்தை வைத்துப் பெரிய ஆளானது நரி. 'காடாண்ட குலம்' என்று ஆறு பாக வரலாற்று நாவல் ஒன்று அதன் கையில் கிடைத்தது. முதல் பாகத்தைத் தூக்கிப் பார்த்தது, கனமாக இருந்தது. அதற்கு மேல் அந்த நூலைப் பற்றி நரிக்கு எதுவும் தெரியாது. நேராக யானையிடம் போனது.

"தலைவரே, நாலாம் பாகத்துல உங்க தாத்தா வர்றாரு. போர்க்களமே அவர் கால்லதான் நிக்குது. படிச்சுட்டு எனக்குத் தூக்கம் வரலை."

யானைக்குக் காது இரண்டும் விரிந்தன. அடுத்து நரி காட்டுப்பன்றி வராகமூர்த்தியிடம் போய், கோட்டை வாயிலில் எதிரியைத் தடுத்தது ஒரு பன்றிதான் என்றது. மயில் சுந்தரேசனிடம், பட்டத்து அரசி ஒரு மயிலைக் கேட்காமல் ஒரு முடிவும் எடுத்ததில்லை என்றது. எல்லாரிடமும் கடைசியில் ஒரே வார்த்தை: "நாலாம் பாகம் வரைக்கும் பொறுமையாப் போங்க." நாலாம் பாகம் வரைக்கும் இந்தக் காட்டில் யாரும் போகமாட்டார்கள் என்பது நரிக்குத் தெரியும். அதற்குத் தெரிந்த ஒரே இலக்கிய விமர்சனம் அதுதான், அது தப்பியதே இல்லை.

ஆக, 'காடாண்ட குலம்' வட்டத்தின் நூலாகத் தேர்வாயிற்று. வீட்டுக்கு வீடு ஆறு பாகமும் வந்திறங்கின. பன்றி அவற்றின்மேல் ஏறி நின்று பழம் எட்டிப் பறித்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தமயந்தி என்ற கீரி ஒன்று இந்தக் காட்டுக்குக் குடிவந்தது. நல்ல குணம். யார் வம்புக்கும் போகாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம், நூலை எடுத்தால் படித்துவிடும்.

கீரிக்கு உயிராக இருந்தது ஒரு சின்ன நாவல். பெயர் 'சட்டை உரிக்கும் பருவம்'. ஒரு பாம்புக்குட்டியின் கதை. ஆமாம், பாம்புதான். முதல் தடவை சட்டை உரிக்கப்போகும் குட்டிக்குக் கண் மங்கிவிடுகிறது. துணைக்குத் தாய் இல்லை. என்ன நடக்கிறது என்று சொல்லவும் யாரும் இல்லை. செத்துப்போகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு கல்லிடுக்கில் கிடக்கிறது. கடைசிப் பக்கத்தில் சட்டை கழன்று, பளபளவென்று வெளியே வந்த பிறகு, குட்டி திரும்பிப் போய் அந்தப் பழைய சட்டைக்குள்ளேயே நுழையப் பார்க்கிறது. நுழைந்ததா இல்லையா என்று எழுதியவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

கீரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நுழைந்திருக்குமா? நுழைய முடியுமா? பயத்தில் போனதா, பாசத்தில் போனதா? இதைப் பற்றி ஒரே ஒரு பிராணியிடமாவது உட்கார்ந்து பேசவேண்டும், பேசாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. நல்ல நாவலைத் தனியாகப் படித்து முடித்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். மற்றவர்கள் நம்பிக்கொள்ளுங்கள்.

வட்டத்துக்கு வந்து கீரி எழுந்து நின்றது. கதையைச் சொன்னது. "நான் அழுதுட்டேன்," என்றது.

"ஏம்மா, கீரியாப் பொறந்துட்டு பாம்புக்கா அழுதே?" என்று கேட்டது பன்றி.

"அது பாம்புங்கிறதே எனக்கு மறந்துபோச்சுங்க."

"எனக்கு மறக்காது," என்றது மயில். "அதுக்கு இளமை இருந்தா என்ன, முதுமை இருந்தா என்ன, எனக்கு ருசி ஒண்ணுதான்."

கூட்டம் சிரித்தது. கீரி உட்காரவில்லை. "ஒருத்தராவது படிச்சுப் பாருங்க. சின்னதுதான். முடிவைப் பத்திப் பேசணும்," என்றது.

நரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு வட்டத்தின் விதியை எடுத்துவிட்டது. தேர்வான நூலை யார் முதலில் படித்து முடிக்கிறாரோ, அவர் அடுத்த நூலைத் தேர்ந்தெடுக்கலாம். அதை அத்தனை பேரும் படித்தாக வேண்டும். வட்டம் தொடங்கிய காலத்திலிருந்து இந்த விதியை யாரும் பயன்படுத்தியது கிடையாது. முடித்தவர் இருந்தால்தானே?

"நீங்க 'காடாண்ட குலம்' முடிச்சுட்டு வாங்க. அப்புறம் உங்க பாம்பைப் பார்ப்போம்," என்றது நரி.

பாவம், கீரி நம்பியது. மழைக்காலம் முழுக்கப் புற்றுக்குள் உட்கார்ந்து ஆறு பாகத்தையும் படித்தது. வேட்டைக்குக்கூடச் சரியாகப் போகவில்லை, இளைத்துப்போனது. ஆறாம் பாகத்தை மூடியபோது அதற்கு வந்தது சந்தோஷமல்ல, கவலை. ஏனென்றால் எல்லாரும் பெருமை பேசும் நாலாம் பாகத்தையும் அது படித்துவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மரத்தடிக்குப் போய், "தலைவரே, 'காடாண்ட குலம்' முடிச்சுட்டேன்," என்றது.

சிங்கம் கண்விழித்தது.

"முடிச்சுட்டேன்னா?" என்று கேட்டது யானை.

"ஆறு பாகமும்."

"அதெல்லாம் எதுக்கும்மா உனக்கு?" என்றது யானை, உண்மையான அக்கறையோடு.

"விதிப்படி அடுத்த நூலை நான் சொல்லலாமில்லைங்களா?"

"தாராளமாச் சொல்லு. அதுக்கு முன்னாடி, நாலாம் பாகத்துல எங்க தாத்தா வர்ற இடத்தைக் கொஞ்சம் எடுத்துச் சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

பிழைக்கத் தெரிந்த பிராணியாக இருந்தால் இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கும். ஒரே ஒரு பொய். காடே அந்தப் பாம்புக்குட்டி நாவலைப் படித்திருக்கும், கீரிக்கு ஆயுசுக்கும் பேச்சுத்துணை கிடைத்திருக்கும். கீரிக்கும் அது தெரியும். சொல்லத்தான் வாயைத் திறந்தது.

"வர்றாருங்க. போர்க்களத்துல வர்றாரு."

"வந்து?"

"வேகமா ஓடுறாரு."

"எதிரியைப் பார்த்துத்தானே?"

"எதிரி இருந்தது அந்தப் பக்கம் இல்லீங்க. நடுவுல நம்ம காலாட்படை நின்னுச்சு. அது மேலேதான் ஓடுறாரு."

யானையின் துதிக்கை அப்படியே நின்றது. பன்றி முன்னால் வந்தது. "அதை விடு. எங்காளு கோட்டை வாசலைக் காத்தது?"

"வாசல் வரைக்கும் வர்றாருங்க. அப்புறம் வெற்றி விருந்துல வர்றாரு." கீரி தயங்கியது. "இலையில."

"அரசி கேட்டுக் கேட்டு நடந்த மயில்?" என்றது சுந்தரேசன், கொஞ்சம் பயந்துகொண்டே.

"அவரு எப்பவும் அரசியோட கையிலதான் இருக்காரு. விசிறியா."

"நான்?" என்றது சிங்கம். அது பேசிக் கேட்டதே அன்றைக்குத்தான்.

"உங்களைப் பத்தி ஒரு வரிகூட இல்லீங்க."

சிங்கத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஓடியிருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தது.

எல்லாரும் நரியைப் பார்த்தார்கள். நரி கொஞ்சமும் பதறவில்லை. "பார்த்தீங்களா தலைவரே, முழுசாப் படிச்சா இப்படித்தான் ஆகும். நூலை நேசிக்கிறவங்க கொஞ்சம் தள்ளி நின்னு நேசிக்கணும். இந்தம்மா உள்ளேயே பூந்துட்டாங்க. உள்ளே பூந்து பார்த்தா எந்த வீட்டுலதான் ஒட்டடை இல்லை?"

"சத்தியமான பேச்சு," என்றது பன்றி.

யானை எழுந்து தீர்ப்புச் சொன்னது. "நூலை முடிச்சவங்களுக்குத் தேர்ந்தெடுக்கிற உரிமை உண்டு, நான் இல்லேங்கலை. ஆனா 'காடாண்ட குலம்' நாவல்ல எங்க தாத்தா ஓடமாட்டாரு. ஓடுறாருன்னா இந்தம்மா படிச்சது வேற ஏதோ நூல். அதனால இவங்க இன்னும் முடிக்கலை."

கைதட்டினார்கள். கீரியைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். நீக்கிய கையோடு 'காடாண்ட குலம்' நாவலை இன்னொரு வருடத்துக்கும் தேர்ந்தெடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

கீரி புற்றுக்குத் திரும்பி வந்து படுத்துவிட்டது. அவமானம்கூட அதற்குப் பெரிதாக இல்லை. இனி இந்தக் காட்டில் அந்த முடிவைப் பற்றிப் பேச ஆளே கிடைக்காது என்பதுதான் வலித்தது. ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள். ஒத்துப் படிக்காமல் இருந்திருக்கலாம்.

மழைவிட்ட ஒரு நாள் நண்பகலில் புற்று வாசலில் ஒரு குரல் கேட்டது. "அக்கா இருக்கீங்களா?"

வெளியே ஒரு நல்லபாம்பு. வாலிப வயது, நல்ல மினுமினுப்பு. கீரிக்கு ரோமம் சிலிர்த்தது, பல் தானாகத் தினவெடுத்தது. பாம்பு நகராமல் நின்றது.

"பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் வந்தேன்," என்றது பாம்பு. "எம் பேரு நாகமாணிக்கம். எங்க இனத்தைப் பத்தின நாவலுக்காகக் கூட்டத்துல நீங்க அவமானப்பட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். 'சட்டை உரிக்கும் பருவம்'. நானும் அதைப் படிச்சிருக்கேன்க்கா."

கீரிக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் பட்டினி கிடந்த வயிறு, பிறவிப்பகை, எல்லாம் அந்த நிமிஷம் மறந்துபோயிற்று. அதுவும் யார், ஒரு பாம்பு! கழற்றிய சட்டைக்குள் திரும்ப நுழைய முடியுமா என்று உலகத்தில் வேறு யாரைக் கேட்க முடியும்?

"உக்காரு தம்பி, உக்காரு. அந்தக் கடைசிப் பக்கம். சொல்லு, அதைப் பத்தி நீ என்ன நினைக்கிறே?"

"அதாங்க்கா. சொல்ல வார்த்தையே இல்லை. வாழ்நாள்ல ஒரு தடவையாவது படிச்சே ஆகணும்."

கீரியின் வால் மெல்லத் தாழ்ந்தது. "சரி. கடைசியில அந்தக் குட்டி என்ன பண்ணுது?"

"என்ன பண்ணுது? படமெடுத்துக் கம்பீரமா எழுந்து நிக்குது. பகையாளி எல்லாம் நடுங்குறான். எங்க குலத்தோட பெருமையே அந்த இடத்துலதானே இருக்கு."

கீரி கடைசி வாய்ப்பாக, மிகவும் தணிந்த குரலில் கேட்டது. "தம்பி, நூலை விடு. உன் கதையைச் சொல்லு. மொத தடவை சட்டை உரிச்சப்ப உனக்கு எப்படி இருந்துச்சு? கண்ணு மங்கிச்சா? பயந்தியா?"

பாம்பு அந்த ஒரு கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும். அதற்கும் கண் மங்கியது, அதுவும் கல்லிடுக்கில் கிடந்து நடுங்கியதுதான். ஆனால் ஒரு நாவலைப் படித்தவன் என்று பெயர் வாங்கிய பிறகு அதையெல்லாம் வெளியே சொல்ல முடியுமா?

"எங்க இனத்துல யாரும் பயப்படமாட்டாங்கக்கா," என்றது பாம்பு. "நாவல்லகூட அப்படித்தானே வருது? நாலாவது அத்தியாயத்துல."

கீரி அதைத் தின்றுவிட்டது.

தின்னும்போது அழுதது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த நாவலுக்கு அவ்வளவு பக்கத்தில் அதுவரை யாரும் வந்ததில்லை.

சேதி அன்றைக்கே காடு முழுக்கப் பரவியது. மறுநாள் காலை வட்டம் முழுவதும் புற்று வாசலுக்கு வந்தது. பக்கத்தில் வரவில்லை, ஒரு புளிய மரம் தள்ளி நின்றது.

"தமயந்தி அம்மா," என்று கூப்பிட்டது நரி. "உங்க நாவலை வட்டம் ஒருமனதாத் தேர்ந்தெடுத்திருக்கு. ஆறு பாகத்தைத் தூக்கிப் போட்டாச்சு. இனிமே காட்டுல இது ஒண்ணுதான்."

கீரி வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது. "படிச்சீங்களா?"

"ஒரு பாம்பு இதைப் படிக்காமப் போயிட்டு என்ன ஆச்சுன்னு பார்த்தோமே. இதைவிட ஆழமான நூல் வேற இருக்க முடியுமா?" என்றது நரி. யானை ஆமாம் என்று தலையை ஆட்டியது. மயில் ஒரு டீ கிளாஸ் கொண்டுவந்திருந்தது.

கீரி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. முடிவைப் பற்றிக் கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்தது. யானையைத் தின்னத் தன்னால் ஆகாது என்று தோன்றியதால் கேட்கவில்லை. நன்றி என்று சொல்லிவிட்டு, படத்துக்கு நடுவில் போய் நின்றது.

நீதி: நல்ல நாவலைப் பரிந்துரைக்க ரசனை மட்டும் போதாது, கொஞ்சம் பல்லும் வேண்டும். அப்போதும் யாரும் படிக்கமாட்டார்கள்.