மச்சான் மெச்சிய வண்டி

ஒரு குறையாவது கண்டுபிடிக்காமல் வீடு திரும்புவதில்லை என்று மீசையைத் தடவிக்கொண்டு மனைவியோடு ஷோரூமுக்குக் கிளம்பினார் லாரி மெக்கானிக். அந்தச் சின்னச் சொகுசுக் கார் மேல் அவருக்கு விரோதம் இல்லை. "வாங்கினா அதைத்தான் வாங்கணும்" என்று சொன்ன வாய் மேல்தான் விரோதம். அது மச்சானின் வாய். மனைவியின் தம்பி.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவரைத் தன் புதுக் காரில் ஏற்றிப் போன மச்சான், இறங்கும்போது நாலு பேர் முன்னிலையில், "அத்தான், இது லாரி இல்ல, கதவை மெதுவா சாத்துங்க" என்றுவிட்டான். சொன்னவன் மறந்துவிட்டான். அந்தக் கார்கூடக் காயலான் கடைக்குப் போய்விட்டது. கதவு மட்டும் இன்னும் இவர் நெஞ்சில் அடித்துக்கொண்டிருக்கிறது.

"பிரேக்கை மிதிச்சுட்டு இந்தப் பட்டனை அமுக்குங்க சார்" என்றாள் ஷோரூம் பெண், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து.

அமுக்கினார். காதைத் தீட்டினார். நாற்பது வருஷம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே வியாதி சொன்ன காது. சத்தத்தைக் காணோம். மறுபடி அமுக்கினார். இன்னொரு தரமும் அமுக்கினார்.

"செத்த வண்டியையா விக்கிறீங்க?"

"முதல்லயே ஸ்டார்ட் ஆயிடுச்சு சார். நீங்கதான் அணைச்சு அணைச்சுப் போடறீங்க. மெதுவாப் போறப்ப பேட்டரில ஓடும், சத்தம் வராது."

"சத்தமில்லாம எப்படிம்மா வேலை நடக்கும்?"

"நடக்கும்ங்க," என்றாள் பின்சீட்டிலிருந்து மனைவி. "நம்ம வீட்டுல முப்பது வருஷமா நடக்குது."

வண்டி நகர்ந்தது. ஏற்றத்தில் திடீரென்று 'உர்'ரென்றது. அவர் பதறிப்போனார்.

"யாரு ஸ்டார்ட் பண்ணது?"

"ஏத்தம் வந்துச்சுல்ல, பெட்ரோல் இன்ஜினும் சேர்ந்துக்கிச்சு."

"யாரைக் கேட்டு?"

"அதுவே முடிவு பண்ணிக்கும் சார்."

"அப்ப ஸ்டியரிங் முன்னாடி நான் எதுக்கு?"

"பழகின உத்தியோகம்தானே, உக்காருங்க," என்றாள் மனைவி.

சிக்னலில் வண்டி மறுபடி மூச்சை நிறுத்தியது. அவருக்குக் கை சும்மா இருக்குமா? குதித்து இறங்கிப் பானெட்டைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு நட்டுகூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் மூடிக்குள் முக்காடு போட்டுக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரனிலேயே அவர் பரம்பரையை விசாரித்தன.

ஷோரூமுக்குத் திரும்பி இறங்கியவர் வெற்றி முரசு கொட்டினார்.

"வேணாம். எப்ப ஓடுது, எப்ப தூங்குதுன்னு அதுக்கே தெரியல."

"விடுங்க. தம்பியும் நேத்து மனசு மாறி அதான் சொன்னான்."

"என்ன சொன்னான்?"

"'இந்த வண்டி வேணாம்க்கா. அத்தானுக்கு விளங்காது'ன்னான்."

"யாருக்கு?"

"'லாரி கைக்கு இதெல்லாம் பிடிபடாது'ன்னான். பாவம், உங்க நல்லதுக்குத்தான்."

மெக்கானிக்கின் காது மடல் சிவந்தது. மூக்கில் புகை வராத குறை. எதற்கு வந்தோம், யாரை ஜெயிக்க வந்தோம் என்பதெல்லாம் குழம்பிக் கூழானது.

"எனக்கா விளங்காது? அருமையான வண்டி! வாயில்லாப் பூச்சி! எங்கேம்மா அந்த புக்கிங் ஃபாரம்? இந்த வண்டியேதான் வேணும்!"

கையெழுத்தைப் பேப்பர் கிழியும்படி போட்டார்.

"சரி, உங்க இஷ்டம்," என்று பெருமூச்சு விட்ட மனைவி, டிரைவர் சீட்டில் ஏறி ஒரு பொத்தானைத் தொட்டாள். சீட் தானாக முன்னால் வந்தது. கண்ணாடிகள் அவள் பக்கம் திரும்பின.

மெக்கானிக் வாய் பிளந்தார். "ஆளைப் பாத்தே அளவு தெரிஞ்சுக்குதே! என் மச்சான் கண்டானா இதை?"

"அளவு நாங்க பதிஞ்சு வெச்சது சார்," என்றாள் ஷோரூம் பெண். "போன வாரம் அம்மா ஓட்டிப் பாக்க வந்தப்ப, கூட வந்து கலர் எடுத்துக் குடுத்தாரே, அவர்தானே உங்க மச்சான்?"