பதினாறு காது, வாய் இல்லை

பெட்டியின் விசிறி போட்ட கூச்சலில் சுவர்க் காலண்டரே திடுக்கிட்டு ஒருமுறை புரண்டு படுத்தது.

“என்னங்க, உள்ள விமானமா ஏறுது?” முன்னறையிலிருந்து மனைவி கேட்டாள்.

“கன்சோல் சர்வர்மா. வயசான பெட்டி. எழுந்ததும் கொஞ்சம் இருமத்தான் செய்யும்.”

தெருவே நெட்வொர்க்காரர் என்று அழைக்கும் அவர், யாரோ கழித்துக் கட்டிய அந்தப் பெட்டியைக் கட்டி அணைத்துக் கொண்டுவந்திருந்தார். அறையிலுள்ள மற்ற மெஷின்கள் எல்லாம் மூர்ச்சை போட்டு விழுந்தாலும், பின்வாசல் வழியாகப் போய் ஒவ்வொன்றின் காதிலும் ‘எழுந்திருப்பா’ என்று சொல்ல உதவும் பெட்டி. முதுகில் பதினாறு துளை.

பொழுது சாய்வதற்குள் அது பேச வேண்டும். பேசாவிட்டால் அறையைக் காலி செய்து மனைவியின் சோப்புத் தொழிலுக்குக் கொடுத்துவிட வேண்டும். காலையில் மீசையை முறுக்கிக்கொண்டு இவரே விட்ட சவால். காயவைக்க இடமில்லாமல் சோப்புக் கட்டிகள் சாப்பாட்டு மேசை, அலமாரி உச்சி எல்லாம் தாண்டி, இவருடைய தலையணை வரை வந்து படுத்திருந்தன. இவர் கனவுகள்கூட நுரைத்துக்கொண்டுதான் வந்தன.

கூச்சலை அடக்க, பெட்டிமேல் அந்தத் தலையணையை அமுக்கினார். இரைச்சல் தாலாட்டாக இறங்கியது. பெட்டிக்கோ ஜுரம் கண்டு சிவப்பு விளக்கு எரிந்தது. தலையணையை எடுத்தார். சூடேறிய விசிறி முன்னைவிட இரண்டு மடங்கு அலறியது.

சரி, அலறட்டும், பேசினால் போதும். பெட்டியில் ஒரு ஒயரைச் செருகி, மறுமுனையைத் தேடி மேசைக்கடியில் புகுந்தார். அங்கே நீல ஒயர்கள் பாம்புப் புற்றாகப் பின்னிக் கிடந்தன. எல்லாம் இவரே வீடெங்கும் இழுத்துவிட்டவை. சில, சுவரைத் துளைத்து முன்னறைக்கும் போயின.

“ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு லேபிள் ஒட்டித் தர்றேன்னு எத்தனை தடவை சொன்னேன்?” என்றாள் மனைவி.

“எனக்குத் தெரியாத ஒயரா? கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பேன்.”

கண்ணைக் கட்டிவிட்டது போலத்தான் ஒன்றை எடுத்தார். மடிக்கணினியில் செருகினார். இவர் தட்டிய எழுத்து திரையில் தெரிந்தது, பதில் இல்லை.

பேசும் வேகம் ஒத்துப்போகவில்லை போலும். வேகத்தைக் கூட்டினார்.

“மாமா, சோப்புக்கு லேபிள் அடிக்கிற பிரிண்டர் கோழி கிளறின மாதிரி கிறுக்குது!” அக்காவுக்கு உதவ வந்திருந்த மச்சினி கத்தினாள்.

“தூசியா இருக்கும், ஊதி விடும்மா!”

வேகத்தைக் குறைத்தார். பெட்டி மௌன விரதம். ஆனால் முன்னறையிலிருந்தும் புகார் நின்றுவிட்டது. அந்த மட்டும் நிம்மதி.

பாஸ்வேர்டு கேட்கக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கிறதோ? நாமே சொல்லிப் பார்ப்போம். ‘அட்மின்’ என்று தட்டினார். ‘ரூட்’ என்றார். கடைசியில் ‘புசுபுசு’ என்றார். அது மனைவியின் செல்லப்பெயர். இவருடைய பூட்டுகளுக்கெல்லாம் அதுதான் சாவி. வாய்விட்டு அழைத்துத்தான் வெகுகாலமாகிவிட்டது.

முன்னறையில் களுக்கென்று சிரிப்புச் சத்தம். சிரிக்கட்டும். சிரிக்கிற நிலைமைதானே.

மதிய வெயில் திரைச்சீலையில் வடிகட்டி, வெதுவெதுப்பாக உள்ளே இறங்கியது. சோப்பு மணம் கதவிடுக்கில் நுழைந்து அறையை நிரப்பியது. பெட்டியின் பச்சை விளக்குகள் தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல மினுங்கி மினுங்கி அடங்கின. அறையே தரையை விட்டு ஒரு சாண் மேலெழுந்து மிதக்கிற மாதிரி இருந்தது. பாதி மயக்கத்தில் விரல்கள் தாமாகவே, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டின:

‘அவ கேக்கறது நியாயம்தான். சோப்பு என் படுக்கைல தூங்குது, நான் இங்க இரும்பைத் தாலாட்டறேன். ரூம் அவளுக்கே. ஆனா தோத்துட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வராது. பெட்டி, நீயே சொல்லேன். அப்புறம் அவகிட்ட இன்னும் ஒண்ணு...’

அதோடு தலை மேசையில் சாய்ந்தது.

விழித்தபோது அறை முழுக்க அந்திப் பொன். தலைமுடியை யாரோ கோதிக்கொண்டிருந்தார்கள். விரல்களில் சோப்பு வாசம். மேசையில் ஆவி பறக்கும் டீ.

“என்னங்க, பெட்டி பேசிச்சா?” என்றாள் மனைவி.

மீசை தன் வேலையைக் காட்டியது. “பேசிச்சாவா? வாயே மூடலை!”

“ஆமா, எனக்கும் கேட்டுச்சு.” அவள் கன்னத்தில் ஏனோ செம்மை. “பாதி ரூம் உங்க இரும்புக்கு, பாதி என் சோப்புக்கு. சரிதானா?”

ஒரு பொட்டுப் பொய்யை விதைத்ததற்கு இவ்வளவு மகசூலா! நெட்வொர்க்காரர் வெற்றி வீரராக டீயை உறிஞ்சினார்.

அப்போது மச்சினி கதவிடுக்கில் தலையை நீட்டினாள்.

“மாமா, பிரிண்டர்ல லேபிள் ரோல் தீர்ந்துடுச்சு, புதுசு மாட்டிட்டேன். ‘அவகிட்ட இன்னும் ஒண்ணு’ன்னு பாதியில விட்டீங்களே, மிச்சத்தையும் டைப் பண்ணுங்க!”