ஈரத் துணியும் அறுபது கிராமும்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
1972 ஆவணி, வியாழக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை குமாரசாமி அவர்களுக்கு மாமனார் சபாபதி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பிலாயில் நீங்களும் சுகமாக இருக்க ஏகாம்பரநாதர் அருள வேண்டும்.

உங்கள் மகள் ஒரு மாசம் முந்திக்கொண்டு பிறந்தது தந்தியில் தெரிந்திருக்கும். எடை ஒண்ணே முக்கால் கிலோதான் என்பதை நான் தந்தியில் போடவில்லை, நீங்கள் கலங்குவீர்கள் என்று. நர்ஸம்மா கங்கையம்மாள் போன வெள்ளிக்கிழமை வந்து, குழந்தையைத் தாய் நெஞ்சோடு அணைத்தே வைத்திருக்க வேண்டும், தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர்கூடக் கூடாது, அடுத்த வெள்ளிக்குள் எடை ஏறவில்லையென்றால் மெட்ராஸ் ஆஸ்பத்திரிதான் என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளி வரைக்கும் எப்படிப் பொறுப்பது? முதலாளி வீட்டில் பட்டு நூல் நிறுக்கும் தராசை இரவல் வாங்கி வந்து கூடத்தில் தொங்கவிட்டேன். "பச்சக் கொழந்தையப் போயி எட போடுவாங்களா? திருஷ்டி ஆயிடும்" என்று உங்கள் மாமியார் செல்லியம்மாள் ஒரே கூச்சல். நான் காதில் வாங்கவில்லை. திங்கள் போட்டேன், ஏறவில்லை. செவ்வாயும் அப்படியே. நேற்றுக் காலை பார்த்தால் ஒரே நாளில் அறுபது கிராம்! தெருவெல்லாம் கல்கண்டு கொடுத்தேன், பக்கத்து வீட்டு ராமலிங்கத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், பெத்தவ இந்திராணி பத்து நாளில் முதல் தடவையாகச் சிரிச்சுது, அப்பத்தான் உங்க மாமியார் குழந்தையைத் தூக்கி, சுத்தியிருந்த துணியை அவுத்துப் பிழிஞ்சு காட்டினா. சொட்டுது.

"முப்பது வருஷமா எட போடறதுக்கு முன்ன பட்டு நூல நசுக்கி நசுக்கி ஈரம் பாத்துக்கினு இருக்கிற, பேத்தின்னா பாக்கத் தெரியலியா?" என்று கேட்டாள். காய்ந்த துணியில் மறுபடி போட்டால் அறுபதும் போச்சு. இந்திராணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. தராசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எனக்குத் துளியும் கவலை இல்லை. நீங்கள் லீவு போட்டு ரயில் ஏற வேண்டாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம். வேளைக்குச் சாப்பிடவும். எங்கள் எல்லோருடைய ஆசிகளும்.

இப்படிக்கு,
சபாபதி

பி.கு.: வெள்ளி சாயந்திரம். கடிதத்தைப் பெட்டியில் போட மனசு வராமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நர்ஸம்மா வந்து தன் தராசில், காய்ந்த துணியில் போட்டார். நாற்பது கிராம்தான் ஏறியிருக்கிறது, ஆனால் நிஜமான நாற்பது. மெட்ராஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கவலை இல்லை என்று எழுதியது பொய், மாப்பிள்ளை. நீங்கள் வந்து இறங்குவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றுதான் வர வேண்டாம் என்றேன். இப்போது வாங்க, சீக்கிரம் வாங்க. குழந்தைக்கு உங்க மூக்கு. இத்தனை நாள் அதைச் சொல்லக்கூட எனக்குப் பயமா இருந்துது.