பதினோரு முறை அணைத்தும் அணையாத ரவுட்டர் குறித்து மாப்பிள்ளைக்கு

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம். ரவுட்டர் மட்டும் உயிரை விட்டு ஆறு நிமிஷம் ஆகிறது. பதற வேண்டாம், நான்தான் அணைத்தேன். பத்து நிமிஷம் கழித்து உயிர் கொடுத்துவிடலாமாம். வெளியூர் வேலையில் நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் மெயிலில் தட்டிவிடாமல் எதற்குப் பேனாவும் காகிதமும் என்று நீங்கள் கேட்கலாம். மெயில் போவதற்கும் அந்த ரவுட்டர்தானே வேண்டும், மாப்பிள்ளை?

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மனைவி, அதாவது என் மகள், தன்னுடைய மிருக வைத்தியசாலைப் போனை வருகிற திங்கட்கிழமை முதல் என்னிடமிருந்து பிடுங்கி, யாரோ ஒரு பெண்ணை வேலைக்கு வைத்து அவளிடம் கொடுக்கப் போகிறாளாம். காரணம் கேட்டால், எனக்கு மறதி வந்துவிட்டதாம். எனக்கு! ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் அறையில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் நான். எந்த இயந்திரத்துக்கு எந்தத் தேதியில் எண்ணெய் மாற்றினேன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இருப்பது இந்த ஒரு போன்தான், மாப்பிள்ளை. காலை ஒன்பது மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டிலேயே அதன் முன்னால் உட்காருகிறேன். அதையும் எடுத்துவிட்டால் சட்டை மாட்டிக்கொள்ளவே எனக்குக் காரணம் இல்லாமல் போய்விடும். ஆகவே இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, என் சார்பில் அவளிடம் நீங்கள் இரண்டு வார்த்தை பேச வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டாள், நீங்கள் சொன்னாலும் கேட்க மாட்டாள், ஆனால் இரண்டு பேரும் சொன்னால் எரிச்சலிலாவது கேட்பாள்.

நடந்தது இது. மூன்று வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வைத்தியசாலை வெப்சைட்டைப் பழைய கம்பெனியிலிருந்து புதுக் கம்பெனிக்கு இடம் மாற்றினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "பேரு அதேதான் மாமா, நீங்க எப்பவும் போலத் திறந்து எப்பவும் போல எழுதுங்க" என்று சொன்னீர்கள். நானும் எப்போதும் போல, போன் வந்தால் வெப்சைட்டைத் திறந்து, எந்த மணி காலியாக இருக்கிறதோ அதில் பெயரை ஏற்றி, "பத்து மணிக்கு வாங்க, பூனைக்குச் சாப்பாடு போடாம கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒரு பூனை போயிருக்கிறது. அதே பத்து மணிக்கு, வெப்சைட்டில் தானே நேரம் பிடித்த வேறு யாரோ ஒருவர் கிளியோடு வந்து நின்றிருக்கிறார். பூனை கிளியைப் பார்த்த பார்வையில் கிளிக்காரர் கூண்டைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நாற்காலியில் ஏறிவிட்டாராம். செவ்வாய்க்கிழமை, முயல் இருந்த நேரத்தில் இரண்டு வேட்டை நாய்கள். புதன்கிழமை பத்தரைக்கு ஒரு ஆமையும் ஒரு கன்றுக்குட்டியும். இந்த மூன்று வாரத்தில் கோபப்படாத ஒரே மனிதர் அந்த ஆமைக்காரர்தான். எங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை என்று உட்கார்ந்துவிட்டாராம்.

அவள் அங்கிருந்து போன் போட்டு, "அப்பா, ஏன்ப்பா எழுதி வைக்க மாட்டேங்கறீங்க?" என்கிறாள். "எழுதியிருக்கேனேம்மா, என் கண்ணு முன்னால இருக்கு" என்கிறேன். "இங்க ஒண்ணுமே இல்லையேப்பா." "இருக்கு." "இல்ல." "பூனை, பத்து மணி, வலது காது, இருக்கா?" "கிளிதான்ப்பா இருக்கு." கணினியில் பார்த்தேன், இருந்தது. என் கைபேசியில் பார்த்தேன், இருந்தது. உங்கள் மாமியார் கைபேசியைக் கெஞ்சி வாங்கிப் பார்த்தேன், அதிலும் இருந்தது. மூன்று சாட்சி, மாப்பிள்ளை! ஒரு தடவை வந்து என் திரையைப் பார்த்துவிட்டுப் பேசு என்றால், நேரம் எங்கேப்பா இருக்கு என்கிறாள். ஆனால் நேற்று என்னை ஞாபகசக்தி பார்க்கும் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போக மட்டும் அரை நாள் இருந்தது.

அந்த டாக்டரம்மா நல்லவர். மூன்று வார்த்தை சொல்லி, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். நாற்காலி, ஆறு, பொத்தான். பாருங்கள், இன்றும் சொல்கிறேன். ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகம் சொல்ல முடியும் என்று கேட்டார். என்னிடம் கேட்கிற கேள்வியா அது? காது வலி நாய், கால் ஒடிந்த முயல், பேசாத கிளி என்று நோயோடும் வளர்ப்பவர் பெயரோடும் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு நிமிஷம் முடிந்துவிட்டது, போதும் என்றார். அது எப்படிப் போதும், இன்னும் வெள்ளிக்கிழமைக்கே நான் வரவில்லை என்றேன். உங்கள் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். முப்பதுக்கு இருபத்தெட்டு. "இந்த வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கு, ஆனா கவனமா இருங்க" என்றார் டாக்டரம்மா. உங்கள் மனைவி காதில் 'ஆனா' மட்டும்தான் விழுந்தது.

அதற்கு முன்பே, கோளாறு என் தலையில் இல்லை, வீட்டுக்குள் எங்கேயோ இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. இணைய கம்பெனிக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டுவிட்டு ஒருவர் வந்தார். கணினியின் ஞாபகத்தையெல்லாம் அழித்துவிடுங்கள் என்றார். அழித்தேன். வெப்சைட் அப்படியே நின்றது, உங்கள் மாமியார் நான்கு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பின்னல் படங்களின் பட்டியல் போய்விட்டது. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவது இல்லை, என்னைப் பார்த்துச் சுவரோடு பேசுகிறாள். மறுபடி போன் போட்டேன். "ரவுட்டர ஆஃப் பண்ணி முப்பது எண்ணிட்டு ஆன் பண்ணுங்க சார்" என்றார். சுவிட்சை அணைத்தேன், முப்பது எண்ணினேன், போட்டேன். ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் அதையே சொன்னார்கள். இப்படி ஆள் மாற்றி ஆள் சொல்லி, பதினோரு முறை அணைத்தாயிற்று. பதினோராவது முறை அறுபது வரை எண்ணினேன். "எண்ணறதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்றாள் உங்கள் மாமியார், சுவரிடம்.

கடைசியில் இன்று காலை இணைய கம்பெனியிலிருந்து லைன் பார்க்க ஒரு அம்மாள் வந்தார். தோளில் தானே ஏணி சுமந்து வருவார், தெருவில் எல்லோருக்கும் அவர் ஏணியம்மாதான். உங்கள் மாமியார் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, "இவரையும் கொஞ்சம் ரிப்பேர் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நான் கதை முழுவதையும் சொன்னேன். ஏணியம்மா கேட்டார், "ரவுட்டர ஆஃப் பண்ணிப் பாத்தீங்களா?"

"பதினோரு தடவை."

"லைட்டெல்லாம் அணைஞ்சுதா?"

"அது எப்படிம்மா அணையும்? கட்டிலுக்கு அடியில பேட்டரி எதுக்கு வச்சிருக்கேன்?"

ஏணியம்மா ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்துகொண்டார். "எத்தனை நாளா அணையாம இருக்கு?"

"நாலு வருஷம் ரெண்டு மாசம்" என்றேன், பெருமையாகத்தான். நானே கம்பி இழுத்துக் கட்டிய பேட்டரி அல்லவா? ஊரெல்லாம் இருட்டானாலும் நம் வீட்டு ரவுட்டர் மினுக்கும்.

"ஐயா, அதுதான்யா வினை!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு அவர் விளக்கினார். எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன். வெப்சைட்டுக்கு ஒரு பெயர். அது குடியிருக்கும் இடத்துக்கு ஒரு எண். நாம் பெயரைத் தட்டினால், ரவுட்டர் வெளியே விசாரித்து எண்ணைக் கொண்டுவந்து தருகிறது. ஒவ்வொரு தடவையும் விசாரிக்கச் சோம்பல்பட்டு, ஒரு தடவை விசாரித்ததை மனசில் வைத்துக்கொள்கிறது. இவ்வளவு நேரம்தான் வைத்திருக்கலாம், அதற்குப் பிறகு மறுபடி விசாரிக்க வேண்டும் என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கெடு உண்டாம். நம்முடையது பழைய மாடல், கெடுவையெல்லாம் மதிப்பதில்லை, பிடித்தது பிடிதான். அணைத்தால்தான் மறக்கும். நான் அணைய விட்டால்தானே! வெப்சைட் புது இடத்துக்குக் குடி போய் மூன்று வாரம் ஆன பிறகும், அது என்னையும் என் மூன்று சாட்சிகளையும் பழைய வீட்டுக்கே கூட்டிப் போய்க்கொண்டிருக்கிறது. ஏணியம்மா தன் கைபேசியில், தன் சொந்த இணைப்பில், அதே வெப்சைட்டைத் திறந்து காட்டினார். நாளைக் காலை பத்து மணி, என் திரையில் காலி. அவர் கைபேசியில் ஏதோ ஒரு ஆட்டின் பெயர் ஏறியிருந்தது. எனக்கு ஆனந்தக் கண்ணீர் வராத குறை.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். குற்றம் சொல்லவில்லை மாப்பிள்ளை, உங்களைப் போய் நான் சொல்வேனா? ஆனால் வீடு மாறுகிறவர்கள் பழைய வீட்டைப் பூட்டிவிட்டுத்தானே போவார்கள்? ஏணியம்மா கேட்டார், "பழைய இடத்த மூடாம விட்ட புத்திசாலி யாருங்க?" என்று. தெரியாது என்று சொல்லிவிட்டேன். குடும்ப கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. நீங்கள் மூடியிருந்தால் முதல் நாளே என் திரையில் ஒன்றும் வராமல் போயிருக்கும், நானும் அன்றைக்கே சுதாரித்திருப்பேன். திறந்து கிடந்ததால் மூன்று வாரமாக ஆளில்லாத வீட்டுக்குள் உட்கார்ந்து நாய், பூனை, ஆமை எல்லாவற்றுக்கும் நேரம் கொடுத்திருக்கிறேன். இதை உங்கள் மனைவியிடம் நான் சொல்லப் போவதில்லை. நீங்களே சொன்னால் பெருந்தன்மையாக இருக்கும்.

பேட்டரிக் கம்பியைப் பிடுங்கச் சொன்னார் ஏணியம்மா. கை வரவில்லை, மாப்பிள்ளை. ஆஸ்பத்திரியில் கரண்ட் போனால் ஒன்பது விநாடிக்குள் ஜெனரேட்டர் எடுக்க வேண்டும். மேல்மாடியில் யாரோ ஒருவருடைய மூச்சு அந்த ஒன்பது விநாடியில் இருக்கும். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பத்து ஆனதில்லை. அப்படிப்பட்டவனைப் பார்த்து, பச்சை விளக்கு எரிகிற ஒன்றை நீயே அணை என்றால்? "ரவுட்டர்தான்யா, நோயாளி இல்ல" என்றார். கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினேன். "பத்து நிமிஷம் அப்படியே கெடக்கட்டும், பழசெல்லாம் சுத்தமா மறக்கட்டும், அப்புறம் போடுங்க. எனக்கு அடுத்த தெருவுல ஏற வேண்டியிருக்கு" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு அவர் போய்விட்டார். அந்தப் பத்து நிமிஷத்தை வீணாக்குவானேன் என்றுதான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஆக, மறதி எனக்கு இல்லை, மறக்கத் தெரியாத வியாதி ரவுட்டருக்கு. என் ஞாபகசக்தி பழுதில்லை என்பது இக்கடிதத்தின் மூலம் ஐயமற நிரூபணமாகிவிட்டதால், போன் பொறுப்பை என்னிடமே விட்டுவைக்கும்படி தாங்கள் சிபாரிசு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் இருவரும் ஒற்றுமையாக, நோய் நொடி இல்லாமல், நாய் கடி இல்லாமல் பல்லாண்டு வாழ வாழ்த்துகிறேன். உங்கள் தாய் தந்தையருக்கு என் அன்பான விசாரிப்பைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
ஜெனரேட்டர் இயக்குபவர் (ஓய்வு), வைத்தியசாலைத் தொலைபேசி (திங்கட்கிழமை வரை நிச்சயம்)

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் கதவை யாரோ உடைத்துவிடுவது போலத் தட்டினார்கள். திறந்தால் உங்கள் மனைவி. வைத்தியசாலைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, அதில் பாதிக்கு மேல் நாய் மயிர். என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் பார்க்கிறாள். மூச்சு வாங்குகிறது.

"என்னம்மா ஆச்சு?"

"எனக்கு என்ன ஆச்சா? பத்து மணிலேருந்து ஒரு கால் வரல. நான் போட்டாலும் அடிக்கவே இல்ல. உங்க செல்லுக்குப் பதினேழு தடவ போட்டுட்டேன்ப்பா!"

மணியைப் பார்த்தேன். ஒன்றே கால். வைத்தியசாலைப் போனும் அதே ரவுட்டர் வழியாகத்தான் வருகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து நிமிஷம் என்றது மூன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. கைபேசி என் சட்டைப் பையிலேயே இருந்தது. ஞாபகசக்திப் பரிசோதனைக்காக நேற்று டாக்டரம்மா அதன் சத்தத்தை நிறுத்தச் சொன்னார். மறுபடி வைக்க மறந்துவிட்டேன்.

அவள் இந்தக் கடிதத்தைப் பிடுங்கி நின்றபடியே படித்தாள். சட்டை மாட்டக் காரணம் இல்லை என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஆமைக்காரர் வந்த இடத்தில் சிரித்தாள். பிறகு எழுந்து போய்க் கம்பியைச் சொருகினாள். விளக்கு ஒவ்வொன்றாக வந்தது. வெப்சைட்டைத் திறந்தோம். நாளை பத்து மணிக்கு ஆடு! "பாத்தியா, பாத்தியா?" என்று குதித்தேன். பிறகுதான் மற்றது நினைவுக்கு வந்து, "ஆனா ரவுட்டரைப் போட மறந்துட்டேனேம்மா" என்றேன்.

"மறந்தா மறந்துட்டுப் போங்க. அங்க ஒவ்வொரு நாயையும் பாத்து முடிச்சிட்டு நான் எதுக்குப்பா அந்த வெப்சைட்டத் திறந்து பாக்கறேன்? நீங்க ஒரு பேர ஏத்தியிருந்தா, சரி, அப்பா நல்லா இருக்காருன்னு அடுத்தத உள்ள கூப்பிடுவேன். மூணு வாரமா உங்க கையால ஒரு பேரும் ஏறல. நான் பயப்படாம என்ன பண்ணுவேன்?" என்று சொல்லி அழுதுவிட்டாள். திங்கட்கிழமை வரவிருந்த பெண்ணை வர வேண்டாம் என்று என் எதிரிலேயே போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

ஆகையால் மாப்பிள்ளை, மேலே கேட்ட சிபாரிசு தேவையில்லை. என் ஞாபகசக்தி பற்றி எழுதிய வரிகளையும் விட்டுவிட்டுப் படிக்கவும். பழைய வீட்டை யார் பூட்டாமல் போனது என்பதை அவள் இரண்டு தடவை படித்தாள், அதற்கு நான் பொறுப்பில்லை. இன்னும் எழுதலாம், ஆனால் போன் அடிக்கிறது.