இலையை மடித்த மதினிக்கு

நல்லூர், திருப்பூர்
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய மதினி வெள்ளையம்மாள் அவர்களுக்கு,

உங்கள் நாத்தனார் சித்ராதேவி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் சீனிச்சாமி அண்ணனும் வீட்டு ஆடு மாடுகளும் சுகம்தானா என்று கேட்பது முறை. ஆகையால் கேட்கிறேன். இங்கே என் வீட்டுக்காரரும் மகள் ஜோதிகாவும் சுகம். நான் சுகமில்லை.

மூன்று வருசமாக நம் இருவருக்கும் பேச்சு இல்லாதபோது இவள் என்ன எழுத வந்துவிட்டாள் என்று நீங்கள் நினைக்கலாம். இப்போதும் நான் உங்களோடு பேசவில்லை, கடிதம்தான் எழுதுகிறேன். உங்களோடு பேசமாட்டேன் என்றுதான் அன்றைக்குக் குலசாமி பேரில் சத்தியம் செய்தேனே தவிர, எழுதமாட்டேன் என்று செய்யவில்லை. நாளைக் காலையில் இங்கே ஆஸ்பத்திரியில் என் வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கப் போகிறார்கள். உள்ளே என்ன தெரியும் என்று எனக்கு இப்போதே தெரியும். எங்கள் அம்மா ஐம்பத்திரண்டு வயதில் வயிற்றில் கட்டி வந்துதான் போனாள். எனக்கு இந்த ஆடி வந்தால் ஐம்பத்திரண்டு. சாகப் போகிறவள் யார் மேலும் மனவருத்தம் வைத்துக்கொண்டு போகக் கூடாது என்பதால், எங்கள் வீடு பால்காய்ச்சிய அன்று நீங்கள் செய்த காரியத்தை நான் மன்னித்துவிட்டேன். என் காரியத்துக்கு வந்தால் அன்றைக்காவது ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுப் போகவும்.

நீங்கள் மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. சமையலுக்கு ஆள் வைக்காமல் அவியல், இரண்டு பொரியல், வடை, சேமியா பாயசம் எல்லாம் நானே நின்று செய்தேன். தாய்மாமன் வீட்டுக்குத்தான் முதல் இலை. நீங்கள் உட்கார்ந்தீர்கள், சோற்றைப் பிசைந்தீர்கள், இரண்டு வாய் வைத்தீர்கள், வெந்நீர் இருக்கா என்று கேட்டீர்கள். நான் பாயச வாளியோடு வருவதைப் பார்த்துக்கொண்டே இலையை மடித்துவிட்டு எழுந்தீர்கள். அத்தோடு விட்டீர்களா, பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்து ரொம்ப நேரம் நின்றீர்கள். என் வீட்டுச் சோறு உங்களுக்கு அவ்வளவு குமட்டுதா என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. "கூடப்பிறந்தவன் பொண்டாட்டிக்கே கை நனைக்க மனசில்லையே" என்று பக்கத்து வீட்டம்மா சொன்னது எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னது. சொந்த வீடு கட்டிவிட்டோம் என்று உங்களுக்குப் பொறாமை என்று நான் முடிவு கட்டினேன். ஒன்றரை சென்ட் வீட்டைப் பார்த்து யாருக்கும் பொறாமை வராது என்று வீட்டுக்காரர் இவுக சொன்னாக. நான் கேட்கவில்லை. போகட்டும், மன்னித்தாயிற்று.

இப்போது என் வயிற்றுக்கு வருகிறேன். பெண்களுக்கு மாசாமாசம் வருவது எனக்கு நின்று இரண்டு வருசம் ஆகிறது. இதை ஆம்பிளைகள் இருக்கிற வீட்டில் சத்தமாகச் சொல்ல முடியாது, அண்ணன் படிக்கும் முன் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடவும். அது நின்றதும் பெரிய விடுதலை என்று கம்பெனியில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். ஆறு மாசம் ஆகவில்லை, வயிறு ஆரம்பித்தது. காலையில் இரண்டு இட்லி தின்றால் மத்தியானம் வரைக்கும் அந்த இரண்டும் நெஞ்சுக்குக் கீழேயே உட்கார்ந்திருக்கு, இறங்க மாட்டேங்குது, பதினோரு மணிக்கு வயிறு பானை மாதிரி உப்பி உள்பாவாடை நாடா இறுக்குது, தளர்த்தினா சேலை அவுருது, அதோடு ஏப்பம் வருது பாருங்க, சாதாரண ஏப்பம் இல்ல மதினி, எங்க கம்பெனியில் நாப்பது மிஷின் ஓடுற சத்தத்தையும் தாண்டி அந்தக் கடைசியில் நிற்கிற அயர்ன் மாஸ்டர் திரும்பிப் பார்க்கிறாரு. எனக்கு வேலை செக்கிங் டேபிளில். நாள் பூரா நின்றுகொண்டு பனியனை விரித்துப் பார்த்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எது இருந்தாலும் அங்கே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்ட வேண்டும். ஏப்பம் வரும்போதெல்லாம் ஏதோ மேல்பக்கமாகக் குறை தேடுகிற மாதிரி பனியனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வேன். ரொம்ப உன்னிப்பாகப் பார்க்கிறாள் என்று இன்சார்ஜ் தரணீதரன் தம்பி மற்றவர்களுக்கு என்னை உதாரணம் காட்டுகிறது.

வைத்தியம் பார்க்காமல் இருக்கவில்லை. ஓமத்தண்ணி குடித்தேன், சீரகத்தண்ணி குடித்தேன், இவுக சோடா வாங்கிக் கொடுத்தாக, அதைக் குடித்து அடுத்த தெரு நாய் குரைக்கிற அளவுக்கு ஏப்பம் விட்டேன். ராயபுரத்தில் ஓர் அம்மா தொக்கம் எடுக்கும், வயிற்றில் சிக்கியிருப்பது வெளியே வந்துவிடும் என்று சொன்னார்கள். அங்கேயும் போனேன். அந்த அம்மா எண்ணெய் தடவி, தேய்த்து, என் வாய்ப்பக்கம் ஊதி, கடைசியில் உள்ளங்கையில் ஒரு கறித்துண்டைக் காட்டியது. எட்டு மாசத்துக்கு முன்னாடி தின்னது, ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு என்றது. நான் கறி, கோழி எல்லாம் தின்பதை விட்டு ஒன்றரை வருசம் ஆச்சு. அப்போ எட்டு மாசத்துக்கு முன்னாடி என் வயித்துக்குள்ள வந்தது என்ன? பஸ்ஸில் வரும்போது அதையே யோசித்து யோசித்து இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன். அம்மாவும் இப்படித்தான். தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்திருப்பாள், போதும் போதும் என்பாள். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டபோது ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இதை நினைத்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. முட்டுவது பயமா, கேஸா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கூத்து. என் டேபிளில் எதிரே நிற்கிற பொன்னாத்தாளின் மகன் கவினுக்கு அனுப்பர்பாளையத்தில் கல்யாணம். எட்டு வருசப் பழக்கம், போகாமல் இருக்க முடியாது. போனதுமே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டாள். இந்த ஊர்க் கல்யாணத்தில் பரிமாறி முடித்தால் இலையின் பச்சை தெரியாது. நான் இரண்டு வாய் வைத்தேன். அவ்வளவுதான், அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி உள்ளே ஏறி வருகிறது. பரிமாறுகிற பையனிடம் வெந்நீர் கேட்டேன். அதற்கும் அடங்கவில்லை. பொன்னாத்தாளே ஜிலேபித் தட்டோடு வருகிறாள், எனக்கு வேறு வழியில்லாமல் இலையை மடித்துவிட்டு எழுந்து மண்டபத்துக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்று ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தேன். தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள்.

"ஏனுங்கக்கா, எங்க ஊட்டுச் சோறு உங்களுக்குப் புடிக்கலீங்களா?"

"பல்லு வலிங்க" என்றேன்.

"எட்டு வருசம் ஒரே டேபிள்ல நிக்கறோம். ஒரு வாய் இனிப்பு எடுக்காம இலைய மடிச்சுப் போட்டுட்டு வந்துட்டீங்களேங்க. பரவாயில்லீங்க, விடுங்க."

அவளோடு வந்த மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் நாலு பேர் நிற்கிற இடத்தில், எனக்கு இன்னது நின்றுவிட்டது, அதிலிருந்து வயிறு இப்படி என்று எப்படிச் சொல்வது? அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. நூல் வெட்டுகிற கட்டர் எனக்கு வேண்டுமென்றால்கூடப் பக்கத்தில் நிற்கிற ஒடிசாப் பெண்ணிடம் கொடுத்துத்தான் அனுப்புகிறாள்.

இனிப் பொறுக்க முடியாது என்று செவ்வாய்க்கிழமை டாக்டரம்மாவிடம் போனேன். அங்கே போய் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்ல வராது, பயத்தில் வாய் குழறும். அதனால் காலையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு, எரிகிற இடம், உப்புகிற இடம், குத்துகிற இடம் எல்லாவற்றிலும் கம்பெனி அம்பு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு போனேன். எங்கள் வேலையில் குறையை வாயால் சொல்லும் பழக்கம் இல்லை. டாக்டரம்மா என்னைப் படுக்கச் சொல்லிச் சேலையை விலக்கிப் பார்த்தால் ஏழு சிவப்பு அம்பு. "இது என்னம்மா?" என்றார். "டிபெக்ட் இருக்கிற இடம் மேடம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக உரித்து, அந்த இடத்தை அமுக்கிப் பார்த்து, உரித்ததைத் தன் மேசை ஓரத்தில் வரிசையாக ஒட்டி வைத்தார். ஸ்டிக்கரை உரித்தால் ஒன்று பீஸைச் சரிபண்ணி ஓகே சொல்லியிருக்க வேண்டும், இல்லை ரிஜெக்ட் பெட்டிக்குள் போட வேண்டும். எது என்று அவர் முகத்தில் தெரியவில்லை. மூன்று ஸ்டிக்கர் இருந்தாலே நாங்கள் பீஸை ரிஜெக்டில் போட்டுவிடுவோம் மதினி. எனக்கு ஏழு.

அப்புறம் அவர் கேட்டார், மாசாமாசம் வருவது எப்போது நின்றது என்று. சொன்னேன். அது நிற்கிற சமயத்திலும் நின்ற பிறகும் நிறையப் பேருக்கு வயிறு இப்படிப் பாடாய்ப் படுத்தும், பழைய மாதிரி செரிக்காது, உப்பும், எரியும் என்றார். ஆனாலும் ஐம்பதுக்கு மேல் புதுசாக வந்திருக்கிறது, அம்மாவுக்கும் வயிற்றில் இருந்திருக்கிறது, உள்ளே ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்றார். இந்த "ஆனாலும்"தான் மூன்று நாளாக என்னைத் தின்கிறது. கடைசியாக, "உங்களவிட மூத்தவங்க யார்கிட்டயாவது இதப் பத்திப் பேசுனீங்களாம்மா? பாதிப் பேர் இதே வயித்தோட சுத்திக்கிட்டு வெளிய சொல்றதில்ல" என்றார். அம்மா இல்லை, அக்கா கிடையாது, அண்ணன் பொண்டாட்டி ஒருத்தர் இருக்காக, பேச்சு இல்லை என்றேன்.

மதினி, ஒரு நிமிசம். பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். மேலே எழுதியதை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். அன்னைக்கு நீங்களும் ரெண்டு வாய்தான். நீங்களும் வெந்நீர்தான் கேட்டீங்க. நீங்களும் சுவரைப் பார்த்துத்தான் நின்னீங்க. அப்போ உங்களுக்கு ஐம்பத்திரண்டு இருக்குமா? மதினி, உங்களுக்கும் இதுதானா? பின்னால் வந்து ஏன் இப்படி நிற்கிறீர்கள் என்று நான் கேட்டிருக்கலாம். பொன்னாத்தாளாவது தேடி வந்து கேட்டாள். நான் பாயச வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் அழுதேன், அதற்கப்புறம் சத்தியம் செய்தேன்.

எனக்கு வந்திருப்பதும் உங்களுக்கு வந்ததும் ஒன்றுதான் என்றால், மூன்று வருசம் ஆகியும் நீங்கள் உயிரோடுதான் இருக்கிறீர்கள். இன்றைக்கு எனக்கு இருக்கிற ஒரே தைரியம் அதுதான். எனக்குப் பயமாக இருக்கிறது. ஜோதிகாவுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. எனக்குச் சாக இஷ்டமில்லை.

அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். நீங்கள் மூத்தவர், என்னை ஆசீர்வதிக்க வேண்டும். மனசில்லை என்றாலும் இது கைக்கு வந்ததும் ஒரு தடவை ஆசீர்வதித்துவிடவும். நேரில் வரவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிந்த நாத்தனார்,
சித்ராதேவி

பி.கு.: வெள்ளிக்கிழமை காலை, எட்டு பத்து. மேலே எழுதியது எல்லாம் வீண். இதைத் தபாலில் போடப் பையில் வைத்திருந்தேன். இவுக எனக்குத் தெரியாமல் நேற்றே அண்ணனுக்குப் போன் போட்டிருக்காக. ஆட்டோவை விட்டு இறங்கினால் ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் ஒயர்கூடையோடு நிற்கிறீர்கள். எப்படி இருக்க, என்ன ஏது என்று ஒன்றும் கேட்கவில்லை. "நின்னு எத்தன வருசமாச்சு?" என்று கேட்டீர்கள். "ரெண்டு" என்றேன். குலசாமி சத்தியம் அத்தோடு போச்சு. "பால்காய்ச்சுன அன்னைக்கு எனக்கு ஒண்ணு" என்றீர்கள்.

இப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். என்ன எழுதுற என்று கேட்டீர்கள், ஆஸ்பத்திரி ஃபாரம் என்று பொய் சொன்னேன். என் பேரைக் கூப்பிட்டதும் இதை உங்கள் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போவேன். நான் உள்ளே இருக்கும்போதே படித்துவிடுங்கள், வெளியே வந்ததும் இதைப் பற்றிப் பேசினால் அழுதுவிடுவேன். உங்களை மன்னித்ததாக இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன், அங்கெல்லாம் என்னை மன்னித்துவிடுங்கள் என்று படித்துக்கொள்ளவும்.

கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே என்ன தெரிஞ்சாலும் மத்தியானம் வீட்டுக்கு வாங்க மதினி. இலை போடுறேன். ரெண்டு வாய் போதும், மடிச்சிட்டு எந்திரிச்சுப் பின்பக்கம் போங்க. வெந்நீர் எடுத்துக்கிட்டு நானும் அங்கதான் வாரேன்.