தோப்பறையில் பானகம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் "ஏன்?" என்று கேட்டாக வேண்டும்; இல்லாவிட்டால் சோறு இறங்காது. சேலத்திலிருந்து இந்த வியாதியோடு பழங்காநத்தத்துக்கு மருமகளாக வந்த மூன்றாம் மாதமே சித்திரைத் திருவிழா வந்துவிட்டது. (கேள்வி கேட்கிறவளுக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. பதில் சொல்கிறவர்கள்தான் பாவம்.)

அந்த வருடம் என் கொழுந்தன் செந்திலுக்கு முக்கியமானது. கப்பலூரில் வேலை கிடைத்தால் மூன்று வருடம் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுவதாக வேண்டியிருந்தான். வேலை கிடைத்தது, இது மூன்றாவது வருடம். பதினைந்து நாள் விரதம். தலையில் உருமால், இடுப்பில் ஜிகினா வைத்த சல்லடக் கால்சட்டை, தோளில் தோப்பறை என்கிற ஆட்டுத்தோல் பை, அதன் வாயில் ஒரு சின்னக் குழாய். வெயிலில் வருகிற சாமி குளிர அந்தப் பையிலிருந்து பீய்ச்ச வேண்டும்.

"நடுவுல தப்பாச்சுன்னா மறுபடி மொத வருசத்துலருந்து ஆரம்பிக்கணும் மதினி" என்று முந்தின நாளே சொல்லிவிட்டான்.

எனக்கு இரண்டு வேலை. அழகர் வருகிற வழியில் எங்கள் வீட்டார் போட்ட பந்தலில் கொடுக்கப் பானகம் கரைப்பது. செந்திலுக்குப் பையை நிரப்பித் தருவது. பானகம் ஒரு நீல டிரம்மில், பீய்ச்சுகிற தண்ணீர் அதே மாதிரி இன்னொரு நீல டிரம்மில். சாமிக்குப் போகிற தண்ணீரும் மணக்கட்டுமே என்று பானகத்தில் போட்ட ஏலக்காயையும் பச்சைக் கற்பூரத்தையும் அதிலும் போட்டது என் சொந்த ஆராய்ச்சி.

"மதினி, சாமி வந்துருச்சு! சீக்கிரம்!"

அந்த நேரம் பார்த்து ஒரு அக்கா அழகருக்குக் காட்டுகிற சர்க்கரைக் கிண்ணத்தோடு பக்கத்தில் வந்து நின்றார். கிண்ணம் நிறையச் சர்க்கரை, அதை மூடி வாழையிலை, இலைமேல் எரிகிற சூடம்.

"ஏங்க்கா, இலை பொசுங்காதா? சர்க்கரை உருகாதா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுத்தா."

எப்படி ஆகாமல் இருக்கும்? கண்ணை இலையிலேயே வைத்துக்கொண்டு, கைக்கு எட்டிய டிரம்மில் சொம்பை விட்டுப் பையை நிரப்பினேன். (சந்தேகத்துக்கு முகர்ந்துகூடப் பார்த்தேன். சரியாகத்தான் மணந்தது.)

செந்தில் பையை அமுக்கினான். ஒன்றும் வரவில்லை. சுக்குத்தூள் குழாயை அடைத்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அமுக்கினான். அடைப்பு பிய்த்துக்கொண்டு கிளம்பிய பானகம் எக்குத்தப்பாகத் திரும்பி, எதிரே கும்பிட்டுக்கொண்டிருந்த என் மாமியார் முகத்திலும், பக்கத்தில் நின்ற டிராஃபிக் போலீஸ்காரரின் வெள்ளைச் சட்டையிலும் போய் விழுந்தது. அழகர் தப்பித்தார். கூட்டத்தோடு எங்களைத் தாண்டியும் போய்விட்டார்.

செந்தில் பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது. மூன்று வருட வேண்டுதலை ஒரு சொம்பில் கெடுத்துவிட்டேனே!

அத்தை மெதுவாக உதட்டை நக்கிப் பார்த்தார். "ஏத்தா, சுக்கு பத்தலையே?"

முதலில் சிரித்தது போலீஸ்காரர்தான். "தம்பி, சாமி அடுத்த மண்டகப்படியில நிக்கும். சந்து வழியா ஓடுப்பா!"

செந்தில் பையைக் கவிழ்த்துக்கொண்டே ஓடினான். சரியான டிரம்மிலிருந்து ஒரு குடம் நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நான். பட்டுப்புடவை, வெறுங்கால், கொதிக்கிற தார் ரோடு. அழகர் அங்கே நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்கக் குடத்தை நீட்டினேன். செந்தில் வாங்கவில்லை.

"மதினி, இது குடிக்கவா, குளிக்கவா?"

ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, "குளிக்கத்தான்" என்றேன். அதன் பிறகுதான் பையை நிரப்பவிட்டான். பீய்ச்சினான். வேண்டுதல் முடிந்தது. நான் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன்.

இது நடந்து ஒன்பது வருடமாகிறது. ரசமோ, மோரோ, இருமல் மருந்தோ, எங்கள் வீட்டில் நான் எதை நீட்டினாலும் அந்தக் கேள்வி வந்துவிடும். என் மகள் முதன்முதலாக முழுசாகப் பேசிய வாக்கியமே அதுதான். பால் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். அத்தை பதில் சொன்னார்: "குடிக்கத்தான்டி. ஆனா மொதல்ல ஒங்கம்மா ஒரு வாய் குடிக்கட்டும்."